பிள்ளைகள் சேர்க்கும் கார்டு: பிழைப்புக்கு ஆகுமா?

(திருச்செந்தூர் வட்டார மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில், பேன்சி கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம்ம குழு ஒன்றில் ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. பிளஸ் டூ முடித்த மகனுக்காக ஒரு உறுப்பினர் 20 ஆயிரம் ரூபாய் உள்கடன் கேட்டிருக்கிறார். என்ன தொழில் என்று கேட்டதற்கு, "கார்டு வாங்கி விற்கிற தொழில்" என்று எழுதியிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர், "சீட்டாட்டத்துக்கா கடன்?" என்று சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார்கள். தீர்மான நோட்டில் ஒன்றும் எழுதாமல், விஷயத்தைக் கூட்டமைப்புக்கு அனுப்பிவிட்டார்கள். பேன்சி கடை வைத்திருக்கிறவள், இந்தச் சரக்கு தெரிந்தவள் என்று என்னைப் பேசச் சொன்னார்கள்.

ஒரு பிள்ளை தொழில் செய்யணும் என்று வந்தால் அதைக் கேலி செய்வது தப்பு. என்ன ஏது என்று தெரியாமல் கடன் கொடுப்பதும் தப்பு. குழுப் பணம் என்பது நம்ம 15 பேர், 20 பேர் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி வாரவாரம் போட்ட சேமிப்பு. அதனால் இந்தத் தொழில் என்ன என்று முதலில் தெரிந்துகொள்வோம். முடிவு பிறகு.

இது என்ன கார்டு?

இது ராஜா, ராணி போட்ட சீட்டு இல்லை. விளையாட்டு வீரர் படமோ, கார்ட்டூன் பொம்மைப் படமோ அச்சடித்த சிறு அட்டை. நம்ம சின்ன வயசில் தீப்பெட்டிப் படம் சேர்த்தோமே, பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட் வீரர் படம் கிடைக்குமே, அதன் தம்பிதான் இது. 1990களில் நம்ம பையன்கள் மல்யுத்த வீரர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு வைத்துத் திண்ணையில் விளையாடினார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் கேட்பது போக்கிமான் கார்டு, கிரிக்கெட் கார்டு, கால்பந்து கார்டு.

இதன் ஆரம்பம் அமெரிக்காவில். 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டைக்குப் பதில் படம் அச்சடித்தார்கள். படத்துக்காகவே ஜனங்கள் பாக்கெட் வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு சிகரெட் போய் பபிள்கம் வந்தது. இப்போது பபிள்கம்மும் போய், கார்டை மட்டுமே பாக்கெட் போட்டு விற்கிறார்கள். 1993-ல் அமெரிக்காவில் 'மேஜிக்' என்ற கார்டு விளையாட்டு வந்தது. 1996-ல் ஜப்பானில் போக்கிமான் கார்டு வந்தது. இவை சேர்த்து வைக்க மட்டும் இல்லை, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடவும் செய்யலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாக்கெட்டுக்குள் என்ன கார்டு இருக்கு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பெரும்பாலும் சாதாரணக் கார்டுதான் வரும். எப்போதாவது ஒரு அபூர்வக் கார்டு வரும். அந்த "எப்போதாவது"தான் இந்த வியாபாரத்தின் உயிர்.

நம்ம கடற்கரைக்கு இது புதுசா?

இல்லை சகோதரிகளே. நம்ம தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்ததை வயசான அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடைசியாக 1961-ல் நடந்தது. அப்போது கரைக்கு வந்த சிப்பியைத் திறந்து பார்த்து விற்பதில்லை. மூடின சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் அதிர்ஷ்டம், உள்ளே நல்ல முத்தும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இன்றைக்குப் பிள்ளைகள் பாக்கெட்டைக் கிழிப்பதும் அன்றைக்குச் சிப்பியைத் திறந்ததும் ஒரே கணக்குதான்.

அப்படி எடுத்த முத்தைச் சும்மா விற்றார்களா? பல அளவில் துளை போட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து, பெரிசு, சிறுசு பிரித்து, நிறம், உருட்சி, ஒளி பார்த்துத்தான் விலை வைத்தார்கள். சங்குக்கும் அப்படித்தான், அளவு பார்த்து ரகம் பிரிப்பார்கள். கார்டுக்கும் இப்போது அதுபோலத் தரம் பிரிக்கும் கம்பெனிகள் உண்டு. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற கம்பெனி, கார்டின் மூலை மழுங்கியிருக்கா, ஓரம் வெளுத்திருக்கா, கீறல் இருக்கா, படம் நடுவில் இருக்கா என்று பார்த்து 1 முதல் 10 வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது. நம்ம குழு ஆறு மாதம் ஒழுங்காக நடந்த பிறகு கூட்டம், சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் பார்த்துத் தர மதிப்பீடு செய்து வங்கிக் கடனுக்கு அனுப்புகிறார்களே, அதுபோலத்தான். ஒரே கார்டு, 10 மார்க் வாங்கினால் ஒரு விலை, 7 மார்க் என்றால் அதில் ஒரு பங்குகூட வராது.

கோடி ரூபாய் கார்டு உண்மையா?

உண்மைதான். 1952-ல் டாப்ஸ் என்ற கம்பெனி அச்சடித்த மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரர் கார்டு ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் நம்ம பணத்துக்குச் சுமார் 100 கோடி ரூபாய்.

பையன்கள் செல்போனில் இதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கதையின் முன்பாதியை யாரும் சொல்வதில்லை. அந்த 1952-ஆம் வருஷக் கார்டுகள் அன்றைக்கு விற்காமல் கம்பெனி கிட்டங்கியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. பாதி விலைக்குக்கூட வாங்க ஆள் இல்லை. இடத்தை அடைக்கிறது என்று 1960-ல் குப்பைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாகக் கொட்டிய அதிகாரியே பின்னால் சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போனது போக மிஞ்சியது கொஞ்சம். அதிலும் பழுதில்லாமல் இருந்தது மிகக் கொஞ்சம். அதனால்தான் இன்றைக்கு அந்த விலை.

இதைப் பார்த்து அமெரிக்காவில் 1980களின் கடைசியிலும் 1990களின் ஆரம்பத்திலும் எத்தனையோ குடும்பங்கள், "இப்போது பெட்டியாக வாங்கிப் பூட்டி வைப்போம், பிள்ளை காலேஜ் போகும்போது விற்போம்" என்று கார்டு வாங்கிக் குவித்தன. கம்பெனிகளும் சும்மா இருக்குமா? கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளின. எல்லார் வீட்டுப் பரணிலும் அதே கார்டு. இன்றைக்கு அவற்றில் பெரும்பாலானவை அன்று வாங்கிய விலைக்குக்கூடப் போவதில்லை.

ஒரு பொருள் அபூர்வமாக இருக்கணும், அதைக் கேட்க ஆளும் இருக்கணும், பழுதில்லாமலும் இருக்கணும். மூன்றும் சேர்ந்தால்தான் விலை. லட்சக்கணக்கான இடம்புரிச் சங்குக்கு நடுவே எப்போதோ ஒன்று வருவதால்தானே வலம்புரிக்கு மதிப்பு? எல்லாமே வலம்புரியாக வந்தால் யார் காசு கொடுப்பார்கள்?

போலி எது, அசல் எது?

வலம்புரி என்றதும் போலியும் ஞாபகத்துக்கு வருகிறது. அமெரிக்கக் கடலில் இயல்பாகவே வலம்புரி மாதிரி சுழியும் வேறு ஒரு சங்கு இனம் உண்டு. அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று ஏமாற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம சங்கின் வாய்க்குள்ளே நடுத்தண்டில் மூன்று, நான்கு மடிப்பு வரி இருக்கும். அந்த அமெரிக்கச் சங்கில் அப்படி இருக்காது. விவரம் தெரிந்தவர் விரல் விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கார்டிலும் இதே கதைதான். தேர்க்கடைகளிலும் பேன்சி கடைகளிலும் 10 ரூபாய், 20 ரூபாய்க்குக் கிடைக்கிற போக்கிமான் பாக்கெட் பெரும்பாலும் போலி. பாக்கெட் முழுக்கத் தங்கக் கலரில் மினுமினுக்கும். எழுத்துப் பிழை இருக்கும். முதுகுப் பக்கத்து நீலம் வெளிறியோ ரொம்ப அடர்த்தியாகவோ இருக்கும். அட்டை மெல்லிசாக, வழவழவென்று இருக்கும். வெயிலில் பிடித்தால் வெளிச்சம் லேசாக ஊடுருவும். பிள்ளை விளையாட அது போதும், 10 ரூபாய் பொம்மை என்று நினைத்து வாங்குங்கள். ஆனால் அதைச் சேர்த்து வைத்தால் நாளைக்கு விலை வரும் என்று நினைக்காதீர்கள். அதை அசல் என்று சொல்லி இன்னொருவருக்கு விற்பது மோசடி.

ஏமாறுவது ஏழை பாழை மட்டும் இல்லை. அமெரிக்காவின் யூடியூப் பிரபலம் லோகன் பால், 2021 டிசம்பரில் 35 லட்சம் டாலர் கொடுத்து, அதாவது சுமார் 26 கோடி ரூபாய் கொடுத்து, முதல் பதிப்புப் போக்கிமான் பெட்டி என்று சீல் உடைக்காத சரக்கு வாங்கினார். சரி பார்த்தாகிவிட்டது என்று சொல்லப்பட்ட பெட்டிதான். 2022 ஜனவரியில் திறந்து பார்த்தால் உள்ளே ஜி.ஐ. ஜோ என்ற வேறு பொம்மைக் கார்டு! அவருக்குத் தாங்கும். நமக்குத் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நோட்டை எடுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. குழுவில் 10 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி, 400 ரூபாய் பாக்கெட் 25 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்கு 10 கார்டு, மொத்தம் 250 கார்டு.

அதில் 225 சாதாரணக் கார்டு. தலா 5 ரூபாய்க்கு எல்லாமே விற்றுவிட்டதாக வைத்தாலும் 1,125 ரூபாய். மீதி 25 கொஞ்சம் நல்ல கார்டு, தலா 40 ரூபாய் என்றால் 1,000 ரூபாய். ஆக வரவு 2,125 ரூபாய். நட்டம் 7,875 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று 10 மாதத்தில் கட்டினால் வட்டி மட்டும் 550 ரூபாய். மொத்தக் கையிழப்பு 8,425 ரூபாய்.

"ஒரு பெரிய கார்டு விழுந்தால்?" என்று கேட்பீர்கள். விழலாம். விழாமலும் போகலாம். லாட்டரிச் சீட்டு வாங்கின காலத்தில் நம்ம வீட்டு ஆம்பளைகளும் இதைத்தானே சொன்னார்கள்? விழும் என்று நம்பி வாங்குவது தொழில் இல்லை. குழுப் பணத்தில் அதைச் செய்யக் கூடாது.

அப்படியானால் இதில் யாருமே பிழைக்கவில்லையா? பிழைக்கிறார்கள். யார் என்று பாருங்கள். பாக்கெட்டைக் கிழிக்காமல் அப்படியே விற்கிற கடைக்காரர், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று லாபம் வைக்கிறார். கார்டு போடும் உறை, ஆல்பம் விற்கிறவருக்கு லாபம் உண்டு. தரம் பிரிக்கும் கம்பெனிக்குக் கார்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. கொரோனா காலத்தில் ஜனங்கள் வீட்டில் அடைந்து கிடந்தபோது இந்த மோகம் ஏறி, 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. கம்பெனியில் கார்டு மலைபோல் குவிந்து, பெரும்பாலான சேவைகளைச் சில மாதம் நிறுத்தியே வைத்தார்கள். அதே வருஷம் மே மாதம், கார்டு வாங்குவதில் அடிதடி வந்து, டார்கெட் என்ற பெரிய கடைத்தொடர் கடைக்குள் கார்டு விற்பதையே கொஞ்ச காலம் நிறுத்தியது. அந்த உச்சத்தில் அதிக விலை கொடுத்து வாங்கிய பலர், விலை இறங்கியதும் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

முத்துக்குளிப்பு முகாமிலும் இதே நிலைதான். சிப்பி ஏலம் எடுத்தவருக்கு அதிர்ஷ்டம் இருக்கணும். முகாமில் அரிசி, பருப்பு, கருப்பட்டி கடை போட்டவருக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை, ஜனம் வந்தால் போதும்.

செய்வதானால் எப்படிச் செய்யணும்?

ஆசை இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

1. முதலில் சொந்தச் சேமிப்பில் ஆரம்பிக்கணும். 1,000 அல்லது 2,000 ரூபாய். போனாலும் அடுப்பு எரியணும். அந்த அளவுதான்.

2. பாக்கெட்டைக் கிழித்து அதிர்ஷ்டம் தேடக் கூடாது. யாராவது கிழித்து, வேண்டாம் என்று கொடுக்கிற தனிக் கார்டைப் பார்த்து வாங்கணும். என்ன வாங்குகிறோம் என்பது அப்போதுதான் கையில் தெரியும்.

3. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஒருவர் 5,000 ரூபாய் என்று எழுதி வைத்திருப்பதால் அது 5,000 ரூபாய் கார்டு ஆகிவிடாது. விற்று முடிந்த விலை என்ன என்று பார்க்கணும். மீன் ஏலத்தில் கூவுகிற விலையையா எழுதுகிறோம்? முடிந்த விலையைத்தானே?

4. நம்ம ஊர் உப்புக்காற்று கார்டுக்கு எமன். மினுக்குக் கார்டு ஈரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரை டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் சேர்த்துப் போட்டு வைக்கணும். ரப்பர் பேண்டு போடக் கூடாது, ஓரம் வெட்டுப்படும்.

5. வரவு செலவு நோட்டு கட்டாயம். வாங்கிய தேதி, விலை, தபால் செலவு, விற்ற விலை எல்லாம் எழுதணும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு சுங்கவரியும் சேரும்.

6. செல்போன் வழியாகப் பணம் வாங்கும்போது ஜாக்கிரதை. நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. "பணம் அனுப்புகிறேன், இந்த எண்ணைப் போடுங்க" என்று யார் சொன்னாலும் திருடன் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓ.டி.பி.யும் யாருக்கும் சொல்லக் கூடாது.

7. சின்னப் பிள்ளைகளிடம் வியாபாரம் வேண்டாம். விவரம் தெரியாத பிள்ளையிடம் நல்ல கார்டைச் சும்மா வாங்கிப் பெரிய விலைக்கு விற்பது பாவம். அம்மா சேலை முடிச்சிலிருந்து எடுத்து வந்த துட்டுக்கு விற்பதும் பாவம்.

நம்ம பக்கத்துக்கு இன்னொன்று. கார்டை விட்டு, கடற்கரையில் சிப்பி, சங்கு பொறுக்கி விற்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதிலும் விவரம் வேணும். பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்கு, சிப்பி இவையெல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. செத்துக் கரை ஒதுங்கினதுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

குழு என்ன முடிவு எடுக்கணும்?

இந்த மாதிரி விண்ணப்பம் வந்தால், கார்டு ஆனாலும் சரி, ஈமு கோழி ஆனாலும் சரி, நாளைக்கு வேறு என்ன வந்தாலும் சரி, ஐந்து கேள்வி கேளுங்கள். பொருளை யார் வாங்குவார்கள்? எத்தனை நாளில் பணம் திரும்பும்? விற்காவிட்டால் தவணையை எந்த வருமானத்தில் கட்டுவீர்கள்? இதைச் சின்ன அளவில் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறீர்களா? நோட்டு இருக்கிறதா?

அந்தத் தம்பியிடம் நான் நேரில் பேசினேன். நல்ல விவரமான பிள்ளை. எந்தக் கார்டு எந்த வருஷம், எது போலி என்று என்னைவிட அவனுக்கு அதிகம் தெரியும். அது பெரிய சொத்து. ஆனால் 20 ஆயிரத்துக்கும் பாக்கெட் வாங்கிக் கிழிப்பதுதான் அவன் திட்டமாக இருந்தது. கணக்கை நானும் அவனும் சேர்ந்து போட்டோம். 250 கார்டின் வரவை அவனே கூட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

என் யோசனை இது. 20 ஆயிரம் இப்போது வேண்டாம். அவன் கையில் இருக்கிற பணத்தில் மூன்று மாதம் தனிக் கார்டு வாங்கி விற்கட்டும். என் கடையில் ஒரு தட்டு இடம் தருகிறேன், வாடகை வேண்டாம். நோட்டை மாதாமாதம் குழுவில் காட்டட்டும். லாபம் நோட்டில் தெரிந்தால் 5 ஆயிரம் கொடுப்போம். அதையும் கார்டுக்கு மட்டும் இல்லாமல், குலசை தசரா, கந்த சஷ்டிக் கூட்டத்தில் ஓடுகிற விளையாட்டுச் சாமானும் சேர்த்து வாங்கச் சொல்வோம். கார்டு தூங்கினாலும் ஊதலும் பலூனும் தவணையைக் கட்டும். பக்கத்தில் அவன் கம்ப்யூட்டர் படிப்போ, ஐ.டி.ஐ.யோ படிக்கட்டும். கார்டு சேர்ப்பது பொழுதுபோக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கூட வரும். அதை நம்பிப் படிப்பை விடக் கூடாது.

அந்தச் சகோதரிக்கும் ஒரு வார்த்தை. மகனுக்காகக் கேட்க வந்தது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. மீட்டர் வட்டிக்காரனிடம் போகாமல் குழுவுக்கு வந்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான் குழுவே இருக்கிறது. சிரித்தவர்கள் அடுத்த கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலிலே போடுவதற்கு இன்னும் நன்றாக அளக்கணும்.